வளைவுக்கு முன் இறங்கும் கியர்

அவரை எல்லோரும் வெறுங்காலர் என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டி ஓட்டும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிடுவார். மற்ற நேரத்தில் எல்லோரையும் போலச் செருப்புப் போட்டு நடக்கிறவர்தான். ஆனால் பட்டப்பெயர் அந்த நியாயமெல்லாம் பார்ப்பதில்லை.

அவருடைய தொழிலுக்குச் சரியான பெயர் கிடையாது. பிக்கப் வண்டி வாங்கப் போய், இரண்டு வண்டிகளுக்கு நடுவே முழித்துக்கொண்டு நிற்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எது யாருக்கு ஆகும் என்று சொல்வார். முன்பு ஒரு பட்டறையில் கியர்பாக்ஸ் பிரித்து மாட்டியவர். முதுகு கெட்டுக் குனிய முடியாமல் போனபின், உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையாக இதைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தப்பாகச் சொல்லி, ஒரு காய்கறி வியாபாரியிடம் நடுத்தெருவில் வசவு வாங்கியதும் உண்டு. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசியதில்லை, அவ்வளவுதான். அதைப் பெரிய குணம் என்று சொல்வதா, வெறும் சோம்பல் என்று சொல்வதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

எந்த வண்டியானாலும் ஒரே பாதையில்தான் ஓட்டுவார். கடைவீதி நெரிசலில் ஊர்ந்து, வெளிவட்டச் சாலையில் கொஞ்ச தூரம் விரட்டி, கல்குவாரி மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மூடிக்கிடக்கும் நூலாலையின் நீளச் சுவரை ஒட்டிய வளைவில் திரும்பி ஊருக்கு வருவார். வாங்குகிறவர் எதை ஏற்றப் போகிறாரோ அதையே ஏற்றச் சொல்வார்.

"வெறும் வண்டி ஓட்டுறது, கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கிற மாதிரிங்க. ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுவாங்க. பாரம் ஏத்துனாத்தான் குணம் தெரியும்."

டீசல் எஞ்சின் அவருக்கு மாட்டைப் போல. கீழ்வேகத்திலேயே பலம் இருக்கும், பாரத்தோடு மேட்டில் மூச்சு வாங்காது. ஆனால் நின்ற இடத்தில் உடம்பெல்லாம் அதிரும். பெட்ரோல் அமைதியானது, வெறும் வண்டியில் துள்ளும். சுமையேற்றி மேட்டில் விட்டால் கத்தும், குடிக்கவும் செய்யும். கையால் போடும் கியரில் வண்டி நம் பிடியில் இருக்கும், ஆனால் நெரிசலில் இடது கால் செத்துவிடும். "ஆட்டோமேட்டிக் கடைவீதியில சொர்க்கம்" என்பார். "ஒன்னு மட்டும் இருக்கு. அது உங்களுக்காக யோசிக்கும். அது யோசிக்கிறது உங்களுக்கு ஒத்துப்போகுதான்னு பாத்துக்கணும்."

வெறுங்கால் ஏன் என்று கேட்டால் உள்ளங்காலைக் காட்டுவார். "இதுக்குத் தெரியாம வண்டியில எதுவும் நடக்காது." இதை அவர் பெருமையாகவே சொன்னார். அவருக்கு இருந்த ஒரே பெருமையும் அதுதான்.

அவருடைய தம்பி கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, கடைகளின் முகப்புக் கண்ணாடி எல்லாம் அளந்து வெட்டுவது மனைவி; ஏற்றிக் கொண்டுபோய்ப் பொருத்துவது அவன். பெரும்பாலும் அவளும் பக்கத்து இருக்கையில் போவாள். அண்ணனுடைய யோசனையைக் கேட்டுத்தான் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் பிக்கப் வாங்கினான். கண்ணாடிக்கு அதிர்வு ஆகாது, கிளட்ச் விடும்போது வரும் உதறல் ஆகாது. அதனால் அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் முற்பகல், ஒரு சலூனுக்கு நிலைக்கண்ணாடிகள் ஏற்றிக்கொண்டு தம்பி தனியாகப் போனான். ஆலைச் சுவர் வளைவுக்குச் சற்று முன்னால் வண்டி ஓரமாக நின்றது. கியர் நிறுத்தும் இடத்தில் இருந்தது, கைப்பிரேக் போட்டிருந்தது, ஓரம் கட்டுவதற்கான விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் வண்டியின் பின்னால் சாய்த்துக் கட்டியிருந்த கண்ணாடிகளில் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தன் நின்று தலையைக்கூட வாரிக்கொண்டானாம். உள்ளே உட்கார்ந்திருந்தவனை வெகுநேரம் யாரும் பார்க்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். கண்ணாடி ஒன்றுகூடக் கீறவில்லை.

சில மாதம் கழித்து, தம்பி மனைவி வெறுங்காலரைக் கடைக்கு வரச் சொன்னாள்.

அந்தக் கடைக்குள் போவது யாருக்கும் சுலபமில்லை. சுவரெங்கும் விற்காத கண்ணாடிகள் சாய்த்திருக்கும். ஒருவர் நுழைந்தால் பலர் நுழைந்ததுபோல் இருக்கும்; ஒருவர் போனபின்னும் ஏதோ ஒரு கண்ணாடியின் ஓரத்தில் அவருடைய முதுகு கொஞ்சம் மிச்சமிருக்கும். அவள் மேசையில் குனிந்து கண்ணாடியின்மேல் வெட்டுச் சக்கரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"அத்தான், வண்டியைக் குடுத்துட்டு வேற வாங்கிடலாம்னு இருக்கேன்."

"ஏம்மா? நல்லாத்தானே ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது. அதான் பயமா இருக்கு."

கோட்டின் கீழே தட்டினாள். கண்ணாடி ஒரு சின்னச் சத்தத்தோடு பிரிந்தது.

"அவர் ஓட்டுற மாதிரியே ஓடுது அத்தான். நான் உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். அந்தச் சுவர் வளைவு இருக்குல்ல, அதுக்கு முன்னாடி தானா கியர் இறங்குது. நான் பிரேக்கைத் தொடல. அவர் எந்த இடத்துல இறக்குவாரோ அதே இடம். வேப்பமரம் தாண்டின உடனே."

"இறக்கத்துல ஆட்டோமேட்டிக் வண்டி அப்படித்தான்ம்மா பண்ணும்."

"மத்த இறக்கத்துல பண்ணலையே."

வெறுங்காலர் எதிரில் இருந்த கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பள்ளிக்கூடத்து ஜன்னல் வேலை முழுசும் கைக்கு வந்திருக்கு" என்றாள் அவள். "கூலிக்கு ஆள் வச்சா கண்ணாடியை மண்ணு மாதிரி கொண்டுபோறாங்க. நானே ஓட்டியாகணும். இதை ஓட்டணும், இல்ல வேற ஒன்னை ஓட்டணும். ரெண்டும் முடியலேன்னா கடையைச் சாத்திட்டு எங்கண்ணன் வீட்டுல போய் உக்கார வேண்டியதுதான். ஷோரூம்ல டீசல் கியர் வண்டி ஒன்னு நிக்குது, இதை எடுத்துக்கிட்டு அதைத் தர்றேங்கறாங்க. ரெண்டையும் ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க. என் மனசுக்காகச் சொல்லாதீங்க. வெளியாளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

ஷோரூம் விற்பனையாளர் பளபளக்கும் ஷூ போட்டு, பார்ப்பவர்களுக்கெல்லாம் கைகொடுக்கிறவர். வெறுங்காலரைக் கண்டால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"வாங்க, எமனே வந்துட்டாரு. இன்னிக்கு என் எந்த வண்டிக்கு நாள் குறிச்சிருக்கீங்க?"

"உங்க வண்டியை ஒன்னும் சொல்ல மாட்டேன். சாவியைக் குடுங்க."

"சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக்கைப் பிரிக்காதீங்க. கால்மிதியில உங்க கால் அழுக்கு வேற. தொடச்சுட்டாவது ஏறுங்க சாமி."

பின்னால் சட்டம் மாட்டி, ரப்பர் வைத்து, கண்ணாடிகளை நிறுத்திக் கட்டினார்கள். டீசல் வண்டி மேட்டில் அசராமல் ஏறியது. ஆனால் ஒவ்வொரு தடவை கிளட்சை விடும்போதும் பின்னால் கண்ணாடிகள் பல்லைக் கடித்தன. இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்தது. பிரேக் அதிகம் தேவைப்படவில்லை. வளைவுக்கு முன்னால் இரண்டாவது கியருக்கு மாற்றினார், திரும்பினார், ஊருக்கு வந்தார். அந்த மாற்றத்தை அவர் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. கையால் போடும் கியரில் பேய்க்கு இடமில்லை. போட்டது நாம்தான் என்று நமக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பிறகு தம்பியின் வண்டி. அதே கண்ணாடிகளை மாற்றி ஏற்றினார்கள்.

நல்ல உச்சிவெயில். தெருவில் நிழலே இல்லை. கடைவீதியில் வண்டி நின்றும் நகர்ந்தும் போனபோது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கியர் மாறுவதை அவருடைய உள்ளங்கால்கூடத் தேடித்தான் கண்டுபிடித்தது. மேட்டில் எஞ்சின் கொஞ்சம் கத்தியது; பெட்ரோலுக்கு அது வழக்கம். ஆனால் கியர் மாறும் இடங்கள் ஒவ்வொன்றும் அவர் நினைப்பதற்கு ஒரு கணம் முன்னால் வந்தன. ஒருவர் பேசும்போது, வாக்கியத்தை முடிக்கும் முன்னே பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவது போல. தம்பிக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

இறக்கத்தில் வேப்பமரம் வந்தது. தாண்டியது. கியர் இறங்கியது.

அவர் பிரேக்கைத் தொடவில்லை. எஞ்சின் சத்தம் ஒரு படி உயர்ந்தது, வண்டி மெல்லத் தன்னை அடக்கிக்கொண்டது. கண்ணாடிகள் மூச்சுக்கூட விடவில்லை. உண்மையில் அந்த வளைவு அப்படி ஒன்றும் அபாயமானதல்ல. வந்த வேகத்திலேயே திரும்பலாம். சுவருக்கு அந்தப் பக்கம் கூரை போன ஆலை. ஜன்னல்கள் இருந்த இடங்களில் வானம். அவர் வண்டியை ஓரம் கட்டவில்லை. கட்டியிருந்தால், தம்பி கட்டிய அதே இடமாக இருந்திருக்கும். நேராக ஊருக்கு ஓட்டி வந்து இறங்கும்போதுதான் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பது தெரிந்தது.

"இந்த கியர்பாக்ஸ் மாதிரி நான் பாத்ததில்ல" என்று அவர் விற்பனையாளரிடம் சொன்னார். அவர் ஒரு வண்டியைப் புகழ்ந்து யாரும் கேட்டதில்லை. விற்பனையாளரே ஒரு கணம் கேலி செய்ய மறந்தார்.

பக்கத்துக் கூடத்தில் சர்வீஸ் வேலை பார்க்கும் பெண் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கியர்பாக்ஸ் நினைவை அழிச்சிட்டா ஓட்டினீங்க?"

"எதை?"

"அது ஓட்டறவங்க காலைக் கத்துக்கும்ல. எவ்வளவு அழுத்தறாங்க, எப்ப விடறாங்க, எல்லாம். ஒருத்தரே ரொம்ப நாள் ஓட்டினா அவர் பழக்கத்துக்குப் படிஞ்சு போயிடும். வண்டி கைமாறும்போது அதை அழிச்சிருவோம், புது ஆளுக்குப் புதுசா கத்துக்கட்டும்னு."

வெறுங்காலருக்கு இது தெரியாததல்ல. மற்றவர்களுடைய பழைய வண்டியாக இருந்தால் முதல் வேலையாக அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். இந்த வண்டியில் அது நினைவுக்கே வரவில்லை. இது கைமாறிய வண்டி என்று அவர் மனம் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. அவர் ஒப்பிட்டது இரண்டு வண்டிகளை அல்ல. ஒரு புது வண்டியையும் தன் தம்பியையும்.

அன்று மாலையே அதைத் தம்பி மனைவியிடம் சொன்னார். இரண்டு நாற்காலிகள், நடுவே வெட்டு மேசை. சுவர்க் கண்ணாடிகளில் பல மேசைகள், பல நாற்காலிகள்.

"அப்ப அது அவர்தான்" என்றாள்.

"அவன் பழக்கம்மா. அவன் இல்ல."

"ரெண்டும் வேறயா அத்தான்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பெரிய பெரிய ஆட்கள் முயன்றிருக்கிறார்கள். ஒருவருடைய பழக்கங்களையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன என்பது சின்னக் கேள்வி இல்லை. வெறுங்காலர் தலையைச் சொறிந்தார்.

"அழிச்சாத்தான் நான் சரியா ஒப்பிட்டுச் சொல்ல முடியும். அழிக்கலேன்னாலும், நீ ஓட்ட ஓட்டக் கொஞ்சம் கொஞ்சமா அதுவே உன் காலுக்கு மாறிடும். எப்படியும் போகத்தான் போகுது."

"கொஞ்சம் கொஞ்சமா போறதை என்னால உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க முடியாது." எழுந்து விளக்கை அணைத்தாள். எல்லாக் கண்ணாடிகளும் ஒன்றாக இருண்டன. "நாளைக்கே அழிச்சிருங்க. ஆனா பொத்தானை நான்தான் அழுத்துவேன்."

மறுநாள் சர்வீஸ் பெண் ஒரு சின்னக் கருவியை வண்டியில் செருகி அவள் கையில் கொடுத்தாள். திரை, நிச்சயமாகவா என்று கேட்டது. அவள் அழுத்தினாள். எதுவும் நடக்கவில்லை, வழக்கமாக அப்படித்தான். திரையில் முடிந்தது என்று வந்தது, அந்தப் பெண் கருவியை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.

"நீ ஓட்டு" என்றார் வெறுங்காலர். பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறினார்.

வண்டி வேறு வண்டியாக இருந்தது. கடைவீதியில் தயங்கியது, பிறகு இடித்துக்கொண்டு கிளம்பியது. கியர் மாறும்போதெல்லாம் பின்னால் கண்ணாடிகள் முனகின. அவள் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்; வெளிவட்டச் சாலைக்கு வந்ததும் சிரித்துவிட்டாள்.

"பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி முழிக்குது அத்தான். எதுக்குக் கைநீட்டணும், எதுக்குத் தலையாட்டணும்னு தெரியல."

"பழகிடும்."

"பழகட்டும். முட்டாளா இருந்தாலும் பரவால்ல, யாரோ மாதிரி இருக்கே, அது போதும்."

மேட்டில் ஏறினார்கள். இறங்கத் தொடங்கினார்கள். அவள் பள்ளிக்கூட ஜன்னல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மேல்மாடிக்குத் தடித்த கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார்கள், அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று. பேச்சின் நடுவே வேப்பமரம் வந்தது.

தாண்டியது. கியர் இறங்கியது.

நேற்றைய நளினம் இல்லை. ஒரு வெட்டு வெட்டி, எஞ்சின் உறுமி, முரட்டுத்தனமாக இறங்கியது. ஆனால் அதே இடம். அவள் பேச்சு அப்படியே நின்றது. முகம் வெளுத்தது.

"அழிச்சோமே" என்றாள். "நான்தானே அழிச்சேன்."

வெறுங்காலர் வெளியே பார்க்கவில்லை, கீழே பார்த்தார். அவளுடைய வலது கால் பெடலிலிருந்து எடுபட்டு, ஒரு விரல் உயரத்தில், எதையோ மிதித்துவிடக் கூடாது என்பதுபோல் நின்றது. வேகம் கொடுக்கும் கால் இறக்கத்தில் சட்டென்று விலகினால், கற்றுக்கொள்ளாத கியர்பாக்ஸும் வண்டியைப் பிடிக்கத்தான் பார்க்கும். அதில் மர்மம் இல்லை.

"கீழ பாரும்மா. உன் கால்."

பார்த்தாள். அது தன் கால்தானா என்பதுபோல் பார்த்தாள்.

"நானா?"

"நீதான். இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து வந்திருக்கே. அவன் எடுக்கறப்ப எல்லாம் நீயும் எடுத்திருக்கே."

அவள் வண்டியை மெல்ல ஓட்டினாள். ஆலைச் சுவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப உங்களுது?" என்றாள்.

அவர் மறுபடி குனிந்தார். கால்மிதியின்மேல் தட்டையாக இருக்க வேண்டிய தன் வெறுங்கால், பெடலே இல்லாத இடத்தில், அதே ஒரு விரல் உயரத்தில் நின்றிருந்தது. எப்போது எடுத்தது என்று அதற்குத் தெரியவில்லை. நேற்றும் அப்படித்தான் எடுத்திருக்கும். டீசல் வண்டியிலும். அந்த உள்ளங்காலுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"எதுக்கு அத்தான் இங்க எடுப்பாரு? இங்க என்ன இருக்கு?"

"கண்ணாடி ஏத்துறதால எடுக்கறான்னு நினைச்சேன். அவன்கிட்டேருந்துதான் எனக்கும் தொத்தியிருக்கும்."

"உங்ககிட்டேருந்து கத்துக்கிட்டேன்னுதானே அவர் சொல்லுவாரு? 'அண்ணன் இங்க எப்பவும் கால் எடுக்கும், ஏன்னு கேட்டதில்ல'ன்னு."

அவள் வளைவில் திரும்பி ஊருக்கு ஓட்டினாள்.

ஷோரூம் வாசலில் இறங்கியதும் அவர் தன் முடிவைச் சொன்னார், வெளியாளுக்குச் சொல்வது போலவே. பாரமும் மேடும்தான் முக்கியம் என்றால் டீசல். கண்ணாடிதான் முக்கியம் என்றால் இது. இப்போது முரடாக இருந்தாலும் கொஞ்ச நாளில் அவள் காலைக் கற்றுக்கொள்ளும். அவள் சாவியைக் கையில் வைத்து உருட்டினாள்.

"எந்த வண்டியில போனாலும் அந்த இடத்துல கால் எடுக்கத்தானே போறேன்?"

"ஆமாம்மா."

"அப்ப இதுவே இருக்கட்டும். தெரியாத வண்டியில எதுக்குப் பயப்படணும்?"

பள்ளிக்கூடத்து ஜன்னல்களை அவளே கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஒன்றிரண்டு உடைந்தன, உடையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வண்டி இப்போது அவளுக்குப் படிந்துவிட்டது என்கிறாள். அவனைப் போல ஓடுகிறதா என்று கேட்டால், தெரியவில்லை என்கிறாள்.

வெறுங்காலர் தொழிலை விடவில்லை. இப்போதெல்லாம் பழைய வண்டி எதுவானாலும் முதலில் நினைவை அழிக்கச் சொல்கிறார். உள்ளங்காலைப் பற்றிப் பெருமை பேசுவதில்லை. சீட்டு அழுக்காகிறது என்ற சாக்கில் விற்பனையாளரும் கூடவே ஏறி வருகிறார், வழியெல்லாம் கேலி.

போன வாரம் ஒரு புது டீசல் வண்டியை ஓட்டினார்கள். தம்பியை விற்பனையாளர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. இறக்கத்தில் எண்ணெய்ச் செலவைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். வேப்பமரம் தாண்டியது. வெறுங்காலர் வேண்டுமென்றே காலைப் பெடலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வந்த வேகம் குறையாமல் திருப்பினார்.

திரும்பும்போது பக்கத்தில் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை. அந்தப் பளபளக்கும் ஷூ மட்டும் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நின்றது.